சிப்பி வளர்ப்பும் நம் கடற்கரை மக்களின் ஜீவனமும்

(வட்டக்கோட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று கூடியிருக்கும் இவ்விடம் சரித்திரத்தில் பெயர் பெற்ற இடமாகும். 1741-ம் வருஷத்துக் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய் என்பார், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத் தலைவராகி, இக்கோட்டையைக் கருங்கல்லால் திருத்திக் கட்டுவித்தார் என்பதை நம் சிறு பிள்ளைகளும் அறிவர். கோட்டையைக் காண வருவோர் மதிலின்மேல் ஏறி நின்று, ஒருபுறம் கடலையும் மறுபுறம் மலையையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். கீழே அலை மோதும் பாறைகளை அவர்கள் நோக்குவதில்லை. நாமோ அப்பாறைகளை நோக்கியே வளர்ந்தோம். குமரி முனைக்கு இருபுறமும் உள்ள பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியே பல தலைமுறைகளாக நம்மவரில் பலருக்கு அரை வயிற்றுக் கஞ்சியை முழு வயிற்றுக் கஞ்சியாக்கி வந்திருக்கின்றது. அச்சிப்பியைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பதோடு நில்லாமல், கயிற்றில் ஏற்றிப் பயிராக்கி வருமானம் தேடலாமா என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். சிப்பி என்றவுடன் வெளியூரார் தூத்துக்குடி முத்துச் சிப்பியை நினைப்பர். யாம் கூறுவது அதுவன்று. கறியாக்கி உண்ணும் சிப்பியையே இங்குக் குறிக்கின்றோம். மலையாள நாட்டார் இதனைக் கல்லுமக்காய் என்பர். இதில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று பழுப்புச் சிப்பி. இது வர்க்கலை, கொல்லம் முதலாகக் குமரி முனையைச் சுற்றித் திருச்செந்தூர் வரையுள்ள கடலோரப் பாறைகளில் வாழ்வது. மற்றொன்று பச்சைச் சிப்பி, இது மலபார்க் கரையில் மிகுதி, கீழ்க்கரையிலும் உண்டு. பழுப்புச் சிப்பி உவர்ப்புக் குறையாத திறந்த கடலை விரும்பும். பச்சைச் சிப்பியோ உவர்ப்புச் சற்றே ஏறியிறங்கும் கழிமுகத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இவ்வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் பின்னர் விளங்கும்.

நம் ஆடவர் கட்டுமரத்தில் சென்று, மூச்சடக்கி மூழ்கி, உளியால் சிப்பியைப் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்த்துக் கொண்டுவருவர். பெண்மணிகள் அதனை அவித்து, தோட்டை நீக்கி, சதையை விற்பர். தோடும் வீணாவதில்லை, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். இத்தொழிலில் முதலீடு சிறிது, அபாயமோ பெரிது. அலை சற்றே புரண்டால் மூழ்கியவன் தலை பாறையில் மோதும். காலும் கையும் சிப்பித் தோட்டில் கிழிபடாதவர் இத்தொழிலில் ஒருவரும் இரார். மேலும், எடுப்போர் பெருகப் பெருகப் பாறை மொட்டையாகின்றது. பெரியது எடுத்தவன் போய், நடுத்தரம் எடுத்தவன் போய், இன்று விரல் நகமளவு குஞ்சையும் சுரண்டுவோர் வந்துவிட்டனர். விதை நெல்லைக் குத்தித் தின்பவன் மறு வருஷம் என்ன விதைப்பான்?

இந்நிலையில்தான் சிப்பி வளர்ப்பு என்னும் பேச்சு எழுகின்றது. இது நேற்று முளைத்த பேச்சன்று. 1947-ல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 1970-களின் தொடக்கத்திலேயே நமக்கு அண்மையிலுள்ள விழிஞத்தில், தெப்பத்திலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டுப் பழுப்புச் சிப்பியை வளர்த்துப் பார்த்தனர். பின்னர்க் கோழிக்கோட்டிலும் சென்னையை அடுத்த கோவளத்திலும் பச்சைச் சிப்பியைச் சோதித்தனர். பாறையில் வளர்வதைவிடக் கயிற்றில் வளர்வது விரைவு என்பது அச்சோதனைகளால் தெளிவாயிற்று. காரணம் எளிது. பாறையில் ஒட்டிய சிப்பிக்கு நீர் ஏறும்போதே இரை கிட்டும். கயிற்றில் தொங்குவதோ எந்நேரமும் நீரிலேயே இருந்து, நாற்புறமும் ஓடும் நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஓயாது வடித்துண்ணும்.

வளர்க்கும் முறையையும் சுருக்கமாகக் கூறுவோம். பாறைகளில் நெருங்கி முளைத்துள்ள, 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகளைப் பெயர்த்துக் கழுவி எடுப்பர். ஒரு மீட்டர்க் கயிற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ குஞ்சு வேண்டும். அதனைக் கயிற்றைச் சுற்றிப் பரப்பி, மெல்லிய கொசுவலைப் பருத்தித் துணியால் போர்த்துத் தைப்பர். நீரில் இறக்கிய இரண்டு மூன்று நாளில், சிப்பி தன் உடலினின்று நூல்போன்ற நாரை விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். துணியோ சில நாளில் இற்றுப் போகும். கழிமுகமாயின் மூங்கிலோ சவுக்கோ நட்டுப் பந்தல் கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தரையில் படாதவாறு தொங்கவிடுவர். ஆழமான கடலாயின் மிதவைகளுக்கிடையே நெடுங்கயிறு கட்டி, நங்கூரத்தால் நிறுத்தி, அதிலிருந்து தொங்கவிடுவர். ஐந்தாறு மாதத்தில் சிப்பி 60 முதல் 80 மில்லிமீட்டர் வரை வளரும். மீட்டர் ஒன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ கிடைக்கும். இறாலுக்கு இடுவதுபோல இதற்குத் தீனி இடவேண்டுவதில்லை. மருந்து தெளிக்க வேண்டுவதில்லை. கடலே ஊட்டுகின்றது.

இதனால் மனிதர் வாழ்ந்திருக்கின்றனரா என்று கேட்பீர்கள். வாழ்ந்திருக்கின்றனர். ஸ்பெயின் தேசத்துக் கலீசியா என்னும் பகுதியில் கடல் உட்புகுந்த அமைதியான நீர்நிலைகளில் 1940-களின் நடுவில் தெப்பங்களை மிதக்கவிட்டுத் தொடங்கிய இத்தொழில், இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட தெப்பங்களோடு உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது. அத்துணைத் தூரம் போவானேன்? கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு ஜில்லாவைச் சேர்ந்த படன்னை, செறுவத்தூர் முதலிய ஊர்களில், 1990-களின் நடுவில் ஒரு சிலர் உப்பங்கழியில் பந்தலிட்டுப் பச்சைச் சிப்பி வளர்க்கத் தொடங்கினர். அடுத்து ஊர்ப் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, சர்க்கார் உதவியும் கூட்டுறவு வங்கிக் கடனும் பெற்று அத்தொழிலில் இறங்கினர். சில டன்களில் தொடங்கிய விளைவு, ஏறக்குறையப் பத்து வருஷத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவை எட்டிற்று. வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள நீரில், பெண்கள் தம் கையாலேயே துணி தைத்துக் கயிறு கட்டிச் செய்த தொழில் இது. கூலிக்காரியாக இருந்தவள் கணக்கெழுதும் பங்காளியானாள் என்பதே இதிலுள்ள பெருஞ் சிறப்பு.

இக்கதையைக் கேட்டவுடன் நம்மவர், "படன்னையில் விளைந்தது மணக்குடியில் விளையாதா? வட்டக்கோட்டையில் விளையாதா?" என்று துள்ளி எழுகின்றனர். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே துள்ளினோம். அதன் பயனை இச்சபையில் ஒளிக்காமல் கூறுவது கடமையென்று கருதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் உறவின்முறையில் ஆறு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். அவருள் இருவர், 2017 நவம்பர் மாத இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றே யாம் முன்னின்று கடனுக்குக் கையொப்பமிட்டோம். பாறை மறைவில், அலை குறைவாகத் தோன்றிய ஓரிடத்தைக் கண்டு, சவுக்குக் கால்களை நட்டுப் பந்தலிட்டு, பொங்கல் கழிந்தவுடன் நூறு கயிறு இறக்கினோம். இரண்டு மாதம் சிப்பி கண்ணுக்கெதிரே பருத்தது. பெண்கள் நாள்தோறும் சென்று பார்த்து, விரலால் அளந்து, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வீட்டு ஓலைக்கும் கணக்குப் போட்டனர். சித்திரை மாதத்தில் ஒருநாள் காற்றுமில்லை, மழையுமில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்று மத்தியானம் கடல் தானாகவே உயர்ந்து, நீண்ட பெரிய அலைகளாக வந்து மோதிற்று. நம்மவர் இதனைக் கள்ளக்கடல் என்று சரியாகத்தான் பெயரிட்டிருக்கின்றனர். தென்கடலில் நெடுந்தூரத்துக்கு அப்பால் வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் கரையில் சொல்லாமல் வந்து விழுகின்றது. மாலைக்குள் பந்தல் இல்லை. மறுநாள் கரையில் பொறுக்கிய கயிறு பதினேழு. கடனோ நூறு கயிற்றுக்கும் இருந்தது. வட்டியோடு அதனைக் கட்டி முடிக்க மூன்று வருஷமாயிற்று.

அந்த நஷ்டத்துக்கு நாம் யாரையும் குறை கூறவில்லை. கடலையும் குறை கூறவில்லை. குற்றம் எம்முடையதே. படன்னையில் நெடிய மணல் திட்டு ஒன்று கடலுக்கும் கழிக்கும் நடுவே மதில்போல் கிடந்து பந்தலைக் காக்கின்றது. அம்மதில் இல்லாத திறந்த கரையில் கழிமுகத்துப் பந்தலைக் கட்டியது எம் அறியாமை. பிறர் தொழிலை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டால் அது வேர் கொள்ளாது. அந்தப் பதினேழு கயிறு எமக்குக் கற்பித்த இந்தப் பாடத்தைச் சொல்லவே இன்று வந்துள்ளோம். நம் நீரை நாம் முதலில் அறியவேண்டும். கடன் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

நம் நீர் எத்தகையது? இந்நாஞ்சில் நாடு இரு பருவ மழையும் பெறும் நாடு. ஆனி முதல் தென்மேற்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. காசர்கோட்டிலோ இரண்டாவது மழை சிறிதே. ஆதலின் அங்குக் கார்த்திகையிலேயே கழி உவர்ப்பேறிவிடும். ஆறு மாதம் பயிருக்குக் கிடைக்கும். நம் மணக்குடிக் காயலிலோ மார்கழி வரை பழையாற்றின் நன்னீர் இறங்கும். உவர்ப்பு மிகக் குறைந்தால் சிப்பி ஓட்டை மூடிக்கொள்ளும். பல நாள் மூடினால் சாகும். தை பிறந்தபின்தான் நமக்குப் பருவம். ஆனால் அப்போது வேறோர் இடையூறு நேர்கின்றது. ஆற்றில் நீர் வற்ற வற்றக் கடல் மணலைத் தள்ளிக் கழிமுகத்தை அடைக்கின்றது. வாய் அடைபட்ட காயலில் நீர் ஓடாது. ஓடாத நீரில் சிப்பிக்கு இரை வராது. எனவே மணக்குடியில் சிப்பி வளர்ப்பது பற்றிப் பேசுவோர் முதலில் பொழிவாய் எத்தனை மாதம் திறந்திருக்கின்றது என்று பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அவ்விடத்துப் பாலத்தையே பெயர்த்தெறிந்ததை நாம் கண்டோம். அக்கழிமுகம் சாதுவான குளமன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

அடுத்தது நீரின் தூய்மை. பழையாறு மலையிலிருந்து இறங்கி நாஞ்சில் நாட்டு வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, நாகர்கோவில் நகரத்தைக் கடந்து, மணக்குடியில் கடல் சேர்கின்றது. வயலின் மருந்தும் நகரத்தின் சாக்கடையும் அதனோடு வருகின்றன. சிப்பியின் குணம் யாதெனில், நீரில் உள்ளதை யெல்லாம் வடித்துத் தன்னுள் சேர்ப்பது. நல்ல நீரில் அது நல்ல உணவு. கெட்ட நீரில் அதுவே நோய்க்கு வித்து. ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களும் அதில் தங்கும். சில காலங்களில் கடலில் பெருகும் ஒருவகை நுண்பாசியின் விஷமும் அதில் ஏறும். அவ்விஷம் அவித்தாலும் போகாது. அறுவடையான சிப்பியைத் தூய கடல்நீரில் ஒரு நாள் முழுதும் வைத்திருந்தால் கிருமிகள் பெரிதும் குறையும். உலோகமும் விஷமும் அத்தனை எளிதில் குறையா. ஒரு வீட்டில் நம் சிப்பியை உண்டு ஒரு குழந்தை நோயுற்றால், அன்றோடு நம் கரைச் சிப்பி முழுவதற்கும் சந்தை மூடும். ஆகவே ஆற்றைக் காப்பது சாஸ்திரிகளின் வேலையென்றோ, நகரத்தாரின் வேலையென்றோ நாம் இருக்கலாகாது. நீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது சிப்பி வளர்ப்போரின் முதல் உரிமை. பரிசோதனையின் முடிவைத் தமிழில் எழுதி ஊரில் ஒட்டச் சொல்வது இரண்டாவது உரிமை.

அவ்வாறாயின் இத்தொழில் நமக்கு ஆகாதென்று சொல்ல வந்தோமா? இல்லை. இத்தொழில் நமக்கு எங்கே, எப்போது, எவ்வளவு ஆகும் என்று சொல்லவே வந்தோம். தை முதல் சித்திரை, வைகாசி வரை ஐந்து மாதம் நமக்குக் கிடைக்கும் பருவம். இந்த ஐந்து மாதத்தின் முடிவில் என்ன நேர்கின்றது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கீழ்க்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாதென்பது சட்டம். சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். படகை நம்பிய கூலியாட்கள் வீட்டில் கிடப்பர். மேற்கரையில் ஜூன் முதல் ஜூலை முடிய அவ்வாறே. மீன் அரிதாகி, வீட்டில் பணமுடை ஏற்படும் அந்த நாட்களில்தான் கயிற்றுச் சிப்பி அறுவடைக்கு வருகின்றது. மீன்தொழிலுக்குப் பதிலாக அன்று, மீன்தொழில் ஓய்ந்திருக்கும்போது அடுப்பெரிவதற்கு இது துணையாகும். துணையைத் துணையாகவே கொள்ளவேண்டும். "வள்ளத்தை விற்றுவிட்டுச் சிப்பி வளர்" என்று யாரேனும் கூறினால், அவர் நமக்கு நன்மை நினைப்பவர் அல்லர்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஆதலின் எடையால் கணக்கிடுவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள கயிறு நூறு; குஞ்சு நூற்றைம்பது கிலோ. எல்லாம் நன்றாக நடந்தால் தோட்டோடு எண்ணூறு முதல் ஆயிரம் கிலோ. அவித்துத் தோடு நீக்கினால் சதை ஏறக்குறையக் கால் பங்கு. அதாவது இருநூறு, இருநூற்றைம்பது கிலோ. இதனை அன்றைய சந்தை விலையால் பெருக்குங்கள். அதிலிருந்து மூங்கில், கயிறு, துணி, குஞ்சு, படகுக் கூலி, வட்டி ஆகியவற்றைக் கழியுங்கள். இன்னொன்றையும் கழியுங்கள்: பெண்களின் கூலி. நம் குடும்பங்களில் பெண்கள் தைத்த துணிக்கும் அவித்த சிப்பிக்கும் கூலி எழுதும் வழக்கம் இல்லை. அதனை எழுதாத கணக்கில் எப்போதும் லாபமே தோன்றும். அது பொய் லாபம். பெண்களின் கூலியையும் கழித்த பின்னர் மிஞ்சுவதே வருமானம். மூங்கிலும் கயிறும் இரண்டு மூன்று பருவத்துக்கு உழைக்குமாதலின், முதல் வருஷத்து மிச்சம் சிறிதாயினும் அடுத்த வருஷத்தில் அது பெருகும்.

இனி, காசர்கோட்டார் பின்னாளில் பட்ட துன்பங்களையும் நாம் அறியவேண்டும். வெற்றியை மட்டும் கேட்டுத் திரும்புவது அரைப் படிப்பு. எல்லாரும் மழைக்கு முன் ஒரே மாதத்தில் அறுவடை செய்ததால் விலை விழுந்தது. எல்லாரும் குஞ்சு தேடியதால் பாறைச் சிப்பி எடுக்கும் பழைய தொழிலாளருக்கும் வளர்ப்போருக்கும் பூசல் விளைந்தது. நோயும் பருவம் தவறிய மழையும் சில வருஷங்களில் பயிரைக் கெடுத்தன. விளைச்சல் தன் உச்சத்தினின்று தளர்ந்தது. இவற்றுள் குஞ்சைப் பற்றிய பூசலே நமக்கு மிகவும் அஞ்சத்தக்கது. வட்டக்கோட்டை முதல் முட்டம் வரையுள்ள பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவன் நம்மவன். கயிறு கட்டப் போகிறவளும் நம்மவளே. அண்ணன் பாறையைத் தங்கை சுரண்டுவதாக முடிந்தால், இத்தொழிலால் நம் சமூகத்துக்குச் சேரும் வருமானத்தைவிடப் பகையே மிகுதியாகும்.

ஆகவே நம் சங்கத்தின்முன் ஐந்து யோசனைகளை வைக்கின்றோம்.

முதலாவது, பாறைக்கு ஓர் ஒழுங்கு. ஒவ்வோர் ஊரிலும் மூழ்குவோரும் வளர்ப்போரும் ஒருங்கே அமர்ந்து, எந்தப் பாறையில் எம்மாதம் குஞ்சு எடுக்கலாம், எந்தப் பாறையைத் தொடலாகாது என்று தீர்மானிக்கவேண்டும். அலையடிக்கும் மேற்பாறையில் நெருங்கி முளைத்து, இடமின்றித் தாமே உதிரக்கூடிய குஞ்சுகளை மட்டும் எடுப்பது நன்று. மூன்றில் ஒரு பங்குப் பாறையையேனும் ஒவ்வொரு வருஷமும் தொடாமல் விடவேண்டும். குஞ்சு பெயர்த்துத் தரும் வேலையை மூழ்குவோருக்கே கூலி கொடுத்து ஒப்படைத்தால் பூசலுக்கு இடமிராது.

இரண்டாவது, சோதனை முன், கடன் பின். ஓர் ஊரில் பத்துக் கயிறு போதும். அதனைக் கைக்காசில் கட்டி, ஒரு பருவம் முழுதும் வாரந்தோறும் வளர்ச்சியையும் சாவையும் உவர்ப்பையும் ஏட்டில் எழுதுங்கள். விழிஞத்து ஆராய்ச்சியாளரை அழைத்து அந்த ஏட்டைக் காட்டுங்கள். திறந்த கடலில் செய்வதாயின் நங்கூரமிட்ட நெடுங்கயிறே தகும். பந்தல் கழிமுகத்துக்கு மட்டுமே. எம் பதினேழு கயிறுகளே இதற்குச் சாட்சி.

மூன்றாவது, உரிமை. 2020-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் சிப்பி வளர்ப்புக்கும் உதவி வகுக்கப்பட்டது. அதில் பொதுப் பிரிவினருக்குச் செலவில் நூற்றுக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் நூற்றுக்கு 60 என்று மானியம் ஏற்பட்டது. 2023-ல் திருத்தப்பெற்ற கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம், இறால் பண்ணையோடு நில்லாமல் சிப்பி, கடற்பாசி முதலியவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தால் உரிமச் சீட்டு வரும். சீட்டு வந்தால் அதனை வாங்கப் பணமுள்ள வெளியார் வருவர். நம் வாசலில் உள்ள நீருக்குச் சீட்டு முதலில் அவ்வூர்ப் பெண்கள் குழுக்களுக்கே கிடைக்கவேண்டுமென்று நம் சங்கம் இப்போதே மனுச் செய்யவேண்டும். அதே மனுவில், மணக்குடி 2015 முதல் சுசீந்திரம், தேரூரோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டிருப்பதையும், இக்கோட்டை தொல்லியல் துறையின் காப்பில் இருப்பதையும் மறவாமல், எங்கு அனுமதி உண்டு, எங்கு இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கால் நட்டுப் பிறகு பிடுங்குவது நம்மால் தாங்கக்கூடிய நஷ்டமன்று.

நான்காவது, கணக்கு. குழுவின் வங்கிக் கணக்கு பெண்களின் பெயரில் இருப்பது போதாது. பணத்தை எடுப்பதும் கொடுப்பதும் அவர்கள் கையால் நடக்கவேண்டும். ஆடவர் பெயரில் கடனும் பெண்கள் தலையில் உழைப்புமாக நடக்கும் குழு, குழுவன்று.

ஐந்தாவது, விற்பனை. அனைவரும் ஒரே வாரத்தில் அறுக்கலாகாது. ஊருக்கு ஊர் முறை வைத்து, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பங்கிட்டு அனுப்பவேண்டும். தூய நீரில் ஒரு நாள் வைத்துச் சுத்தி செய்த சிப்பி என்று சொல்லி விற்றால், அச்சொல்லுக்கே விலை உண்டு. ஆனால் சொன்னபடி செய்திருக்கவேண்டும்.

சகோதரர்களே! சிப்பி ஏழையின் உணவென்றும், அதனை விற்பது கௌரவக் குறைவென்றும் நினைக்கும் இளைஞர் நம்மில் இன்று சிலர் உளர். படித்து உத்தியோகம் பெறுவதை யாம் தடுக்கவில்லை. நம் பிள்ளைகள் அனைவரும் படிக்கவேண்டும். ஆயினும் மரச்சீனிக் கிழங்கும் சிப்பிக் கறியும் தந்த பலத்தில்தான் அவர்களுடைய பாட்டனார் மூச்சடக்கி மூழ்கினார் என்பதை அவர்கள் மறக்கலாகாது. நகரத்து விடுதிகளில் அதே சிப்பிக்கு உயர்ந்த விலை கொடுத்து உண்பவரை அவர்கள் காண்கின்றனர். விற்கும்போது இழிவாயிருந்த பொருள் வாங்கும்போது உயர்வாவது எவ்வாறு? இழிவு பொருளிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. விலையைப் பிறர் தீர்மானிக்கவிட்டு நாம் வாளா இருந்ததில்தான் இருக்கின்றது.

முடிவாக ஒன்று. யாம் முன்பு கூறிய ஆறு பெண்களும் கடனைக் கட்டி முடித்தபின் எம்மிடம் வந்தனர். இனி இப்பேச்சே வேண்டாமென்று சொல்ல வந்தனர் என்று எண்ணினோம். அவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. அவர்களுள் மூத்தவள், "அண்ணே, இந்தத் தடவை பத்தே பத்துக் கயிறு, கடன் வேண்டாம், இடத்தை நாங்கள் பார்த்துச் சொல்லுகிறோம்" என்றாள். அவ்விடத்தை அவர்கள் ஒரு வருஷம் முழுதும் நோக்கி, நீரோட்டமும் அலையும் மாதந்தோறும் எவ்வாறு மாறுகின்றன என்று கண்டு வைத்திருந்தனர். யாம் செய்யத் தவறியதை அவர்கள் செய்து முடித்திருந்தனர். வருகிற தையில் அந்தப் பத்துக் கயிறு நீரில் இறங்கும். இச்சங்கம் அவர்களுக்குச் செய்யவேண்டிய உதவி பணமன்று. நீரைப் பரிசோதிப்பிக்கவும், உரிமச் சீட்டுக்கு மனு எழுதவும், பாறை ஒழுங்கை ஊரார் ஏற்கச் செய்யவும் துணை நிற்பதே அவ்வுதவி. இன்றைய கூட்டத்திலேயே அதற்கு மூவர் அடங்கிய ஒரு குழுவை நியமிக்குமாறும், அம்மூவரில் இருவரேனும் பெண்மணிகளாக இருக்குமாறும் அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.